பிள்ளையார் சாப்பிடும்வரை உப்புப் பார்க்கக் கூடாது

கல்யாணச் சமையல் என்பது ஊரே சாப்பிட்டுவிட்டுக் குறை சொல்லும் தொழில். அதைக் குடும்பத்தோடு செய்தால் வீட்டுக்கு வந்த பிறகும் குறை கேட்கலாம். குடும்பத் தொழிலில் வாக்கப்பட்டவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

மாமனார் சட்டம்

அம்பாசமுத்திரத்தில் என் மாமனார், கணவர், கொழுந்தன், நான் எல்லோரும் சேர்ந்துதான் தொழில் செய்கிறோம். மாமனாருக்கு ஒரே சட்டம்: பிள்ளையாருக்கு இலை போட்டுப் படைக்கும்வரை யாரும் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. உப்பு, புளி எல்லாம் மூக்கால்தான் பார்க்க வேண்டும்.

ஒருமுறை பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் மகன் கல்யாணத்துக்குச் சமையல் பேச வந்தார். எங்கள் கைப்பக்குவத்தைப் பார்க்க வேண்டும் என்று நேராக அடுப்புக்கே வந்து சாம்பார்க் கரண்டியை எடுத்துவிட்டார். மாமனார் அவர் கையைப் பிடித்து நிறுத்தி, சட்டத்தைச் சொன்னார். வந்தவர் சிரித்தார்.

“அப்ப நல்லா இல்லன்னா சாமிகிட்ட போயா சண்டை போடணும், அண்ணாச்சி?”

இரண்டு பேர் போட்ட உப்பு

உள்ளூரில் ஒரு பெரிய கல்யாணம். சாம்பாருக்கு என் கணவர் உப்புப் போட்டுவிட்டு இலைக்கட்டு இறக்கப் போனார். கொழுந்தன் வந்து, அண்ணன் மறந்துவிட்டான் என்று தானும் போட்டான். ருசி பார்க்கத்தான் யாருக்கும் உரிமை இல்லையே. படைத்து முடித்து மாமனார் ஒரு கரண்டி வாயில் வைத்தார். முகம் செத்துவிட்டது.

“வெந்நிய ஊத்தி, உருளைக்கிழங்கப் போட்டுச் சமாளிப்போம்பா. யாருக்குத் தெரியப் போவுது?” என்றான் கொழுந்தன். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. பேர் கெட்டால் அடுத்த முகூர்த்தத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? “சாமிக்குப் படைச்சுட்டு மனுசன ஏமாத்தவா?” என்று மாமனார் நேராகப் பெண்ணின் அப்பாவிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டார்.

மறுநாள் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குச் சொதி என்ற தேங்காய்ப்பால் குழம்பு வைக்க வாங்கிய தேங்காய் மூட்டை இருந்தது. குடும்பமே உட்கார்ந்து துருவி, பால் பிழிந்து, பந்தி தொடங்குவதற்குள் சொதியை இறக்கினோம். மாப்பிள்ளைக்கு மறுநாள் கிடைக்க வேண்டிய சொதி ஊருக்கே கிடைத்ததில் ஆளாளுக்கு இரண்டாம் முறை கேட்டார்கள். பெண்ணின் அப்பா அடுப்படிக்கு வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

“இன்னைக்கே மறுவீட்டு விருந்தப் போட்டுட்டீரே வே! நாளைக்கு என்னத்தப் போடப் போறீரு?”

சீக்கிரப் படையல்

வீட்டுக்கு வந்ததும் கேட்டே விட்டேன்: “மாமா, பந்தியில உக்காருதவங்க நம்மள நம்பித்தான உக்காருதாங்க? படையல் முடியுறவரைக்கும் ருசி பாக்காம இருந்தா எப்படி?” அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த முகூர்த்தத்தில் சாம்பார் கொதித்து வந்ததுமே, வடை பாயசத்துக்குக் காத்திராமல், சோறும் சாம்பாரும் மட்டும் வைத்துச் சூடம் காட்டினார். பிறகு கரண்டியோடு என்னிடம் வந்தார். சந்தோஷத்தில் எனக்கு உப்பு இருக்கிறதா இல்லையா என்றே முதலில் தெரியவில்லை.

“சாமி சாப்பிட்டாச்சு. பைய ருசி பாத்துச் சொல்லு, மருமவளே. இனி இது உன் பொறுப்பு.”

பக்தியும் தொழிலும் சண்டையில்லாமல் ஒரே அடுப்படியில் இருக்க வேண்டுமானால், சாமிதான் கொஞ்சம் முந்திச் சாப்பிட வேண்டியிருக்கிறது.