அக்காவின் பாஸ்வேர்டு

எங்கள் அலுவலகத்தில் யாராவது பாஸ்வேர்டை மறந்துவிட்டால் ஐடி ஆளைக் கூப்பிடுவதில்லை. பக்கத்து மேசைக்காரரிடம் அவருடையதைக் கேட்டு வாங்கிக்கொள்வோம். மலேசியாவின் கிள்ளானில், துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் சின்னக் கம்பெனி. குடையிலிருந்து ஊறுகாய் பாட்டில்வரை எல்லாம் பொது. பாஸ்வேர்டு மட்டும் என்ன ஒசத்தி?

அப்படித்தான் அக்காவின் பாஸ்வேர்டு என்னிடம் வந்தது. அக்கா எங்கள் சீனியர் கிளார்க். எந்தக் கன்டெய்னர் எந்தக் கப்பலில் போனது என்று கோப்பைத் திறக்காமலே சொல்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் மெதடிஸ்ட் தேவாலயத்தில் தமிழ் வேத வாசிப்பும் அவருடையதுதான். அவருடைய அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய். பெற்ற மகளையே பார்த்து, "நீங்க யாரு ஆன்டி?" என்று கேட்டாராம். அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

செவ்வாயும் வியாழனும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று முதலாளி சொன்னபோது நான் துள்ளிக் குதித்தேன். பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில் இடிபட வேண்டாம். ஆனால் அலுவலகக் கணினிகள் எல்லாம் விண்டோஸ், என் வீட்டில் இருப்பதோ மேக். முதலில் விபிஎன் போட்டு அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய வேண்டும். பிறகு சர்வரின் முகவரியை அடித்து, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் பொதுக் கோப்புகள் திறக்கும். நுழைந்தேன், முகவரி அடித்தேன். என் பெயரை மட்டும் அது ஏற்கவே இல்லை. சுங்கை வேயிலிருந்து போனிலேயே வைத்தியம் பார்க்கும் ஐடி ஆள், "மேக்கா? சூசா லா சிஸ்டர், ரொம்பக் கஷ்டம்," என்று கழன்றுகொண்டார்.

அன்று மதியத்துக்குள் ஒரு ஏற்றுமதிப் பத்திரம் போயாக வேண்டும். அக்காவை அழைத்துப் பொரிந்து தள்ளினேன்.

"ஏன் லா டென்ஷன் ஆவுற? என்னோடத போட்டுப் பாரு," என்றார்.

போட்டேன், திறந்தது. இந்தப் பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொள்ளவா என்று மேக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் என்றேன். போதாததற்கு, விபிஎன் போட்டவுடன் அதுவே தானாகச் சர்வரோடு இணையும்படியும் செய்துவைத்தேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

சில வாரங்களில் வேறு ஏற்பாடு வந்தது. அதே விபிஎன்னைப் போட்டு, அலுவலகத்தில் இருக்கும் என் கணினியின் திரையையே வீட்டிலிருந்து பார்த்து வேலை செய்யலாம். பழைய இணைப்பை நான் மறந்தே போனேன். அதை அழிக்கவும் இல்லை.

பிறகு எல்லாரும் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. அக்காவின் தொல்லை அதற்கப்புறம்தான் தொடங்கியது. புதுப் பாஸ்வேர்டை அடிப்பார். கணக்கு பூட்டப்பட்டது என்று திரையில் வரும். பலமுறை தப்பாக அடித்தால்தான் அப்படிப் பூட்டிக்கொள்ளும். ஐடி ஆள் திறந்துவிடுவார், இரண்டு நாளில் மறுபடியும் அதே கதை.

"சரியாத்தான் மா அடிச்சேன்."

"கேப்ஸ் லாக்கைப் பாருங்கக்கா," என்று போனில் சிரித்தேன். முதலாளி, "வயசாச்சு லா," என்று கேலி செய்தார். அக்காவும் முதலில் சிரித்தார், பிறகு நிறுத்திவிட்டார். கார் ஓட்டுவதையும் விட்டார். மகன் கொண்டுவந்து இறக்கிவிட ஆரம்பித்தான். எதற்கும் ஒரு தடவை கிளினிக்கில் காட்டிவிடுங்கள் என்று சொன்னதே நான்தான். அக்கறையாம்.

ஒரு புதன்கிழமை, கடையில் பொங்குஸ் கட்டி வாங்கி வந்த சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி அக்கா சொன்னார்: "சர்ச்சுல வாசிக்கிறத விட்டுட்டேன் மா. நடுவுல மறந்து நின்னுட்டா? எங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்காங்க."

தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"ஒண்ணுதான் ஆச்சரியம். நீ ஆபீஸ்ல இருக்கற நாள்ல எனக்கு ஒண்ணும் ஆகறதில்ல. நீ பக்கத்துல இருந்தா மூளை வேலை செய்யுது போல," என்றவர், தன் மீன் துண்டில் பாதியைப் பிய்த்து என் சோற்றில் வைத்தார்.

நான் அலுவலகத்தில் இல்லாத நாள் என்றால், வீட்டில் மேக்கைத் திறக்கும் நாள்.

மறுநாள் காலை மேக்கைத் தொடாமல் அக்காவை அழைத்தேன். "உள்ள போயிட்டீங்களா?"

"போயிட்டேனே."

மேக்கைத் திறந்து விபிஎன் போட்டேன். கொஞ்சம் பொறுத்து, "இப்ப வெளிய வந்துட்டு மறுபடி போங்க," என்றேன். விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"பூட்டிக்கிச்சு மா," என்றார்.

அவருடைய பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு என் மேக் அவர் பெயரில் விடாமல் சர்வரைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அக்காதான் தப்புத் தப்பாக அடிக்கிறார் என்று நினைத்துச் சர்வர் பூட்டியிருக்கிறது.

"அக்கா, நீங்க எதையும் மறக்கல. என் கம்ப்யூட்டர்தான் பூட்டுது. நான்தான்கா." அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "ஆண்டவரே," என்றார். அப்புறம், "நீ ஏன் மா அழுவுற? நான்தானே குடுத்தேன்," என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சேமித்ததை அப்போதே அழித்தேன். மறுநாள் எல்லார் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். முதலாளி மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் எல்லாருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கிவந்தார். அக்காவின் கணக்கு அதற்குப்பின் பூட்டிக்கொள்ளவே இல்லை. கார் ஓட்டுகிறார். தேவாலயத்தில் மட்டும் இப்போது வேறொரு பெண் வாசிக்கிறாள். "நல்லாத்தான் வாசிக்குது, இருக்கட்டும்," என்கிறார்.

காலையில் பாஸ்வேர்டை அடித்து முடித்ததும் அக்கா எண்டரை உடனே தட்டுவதில்லை. என் நாற்காலியில் நான் இருக்கிறேனா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் தட்டுகிறார். அதனால் செவ்வாயும் வியாழனும்கூட இப்போது கிள்ளானுக்கு ரயில் ஏறிவிடுகிறேன்.