கடைசிப் பாதைக்கு முன் பதினைந்து ஓவர்

இன்று காலைத் தேநீர் நேரத்தில் மகள் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அப்பா, ஒருநாள் போட்டிய அம்பதில இருந்து நாப்பது ஓவராக் குறைக்கச் சொல்றாங்களாம்."

"நல்ல விசயம்தானே," என்றேன், கொஞ்சம் அவசரமாக.

அவளுக்குக் கோபம். பாடசாலை அணியின் தொடக்க ஆட்டக்காரி. கால் ஊன்றவே பத்து ஓவர் எடுப்பாள். "அந்தப் பத்தையும் வெட்டினா நான் எப்பப்பா அடிக்கிற? தண்ணி குடுக்கத்தான் கூப்பிடுவாங்க."

அவள் சொல்வது சரி. பொறுத்திருந்து ஒன்றிரண்டாகச் சேர்ப்பவர்களுக்கு ஐம்பது ஓவரில்தான் இடம். என் கணக்கு வேறு. அணிக்குப் பத்து ஓவர் குறைந்தால் எண்பது நிமிடம் முன்னதாக வீடு வருவாள். போன சனிக்கிழமை கரடியனாற்றில் ஆட்டம் இழுபட்டு, போனிலும் சார்ஜ் இறங்கி, ஒன்றரை மணிநேரம் பிந்தி வந்தாள். நான் தேடிப் புறப்பட்டுப் போய்விட்டேன். வருகிற சனிக்கிழமை வாழைச்சேனையில் ஆட்டம். போக வேண்டாம் என்று சொல்லத்தான் காத்திருந்தேன்.

அவளோ மட்டைக்கு எண்ணெய் பூச உட்கார்ந்துவிட்டாள். அந்த மணம் இருக்கிறதே! என் சிறு வயதில் எங்கள் அணிக்கு இருந்தது ஒரே மட்டை. அது புளியந்தீவுப் பறங்கி வீட்டு டெரிக்குடையது. அதனாலேயே அவன் தலைவன்.

வாவியைக் கடந்து படுவான்கரையில் ஆடுவோம். ஆளையும் சைக்கிளையும் ஏற்றிக் கடக்கும் மிதவையைப் பாதை என்போம். நாணயம் சுண்டுவதற்கு முன் பாதைக்காரரிடம் போவோம். "அண்ணன், கடைசிப் பாதை எத்தின மணிக்கு?" அவர் சொல்லும் நேரத்தைப் பார்த்து ஓவர்களை முடிவு செய்வோம். ஒன்பது ஓவரில் முடித்துவிட்டு அதையும் ஒருநாள் போட்டி என்று சொல்லித் திரிந்திருக்கிறோம்.

ஒருநாள் பதினைந்து ஓவர் என்று பேச்சு. பதின்மூன்று முடியும்போதே பாதைக்காரர் கூப்பிட்டுவிட்டார். இன்னும் ஒன்பது ஓட்டம். மட்டை என் கையில்.

"ரெண்டு ஓவர்தானேடா," என்றேன்.

"நான் போயிருப்பன். மட்டை என்டயாப் போச்சு," என்று பல்லைக் கடித்தான் டெரிக்.

வென்றோம். பாதை போய்விட்டது. எதிரணிக்காரன் வீட்டிலேயே தங்கினோம். அந்த யுத்த நாட்களில் வீடு திரும்பாத பிள்ளையைப் பற்றித் தாய்மார் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் முதல் பாதையில் வந்து இறங்கினால், துறையில் அம்மா. கட்டியிருந்தது முந்தின நாள் சேலை.

"வெண்டயா மனே?"

"ஓம் அம்மா, ரெண்டு விக்கெட்டால!"

அவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். களைப்பாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா இல்லாமல் போய்ப் பல வருடம். மகளிடம், "சனிக்கிழமை போ மகள். அம்பதையும் ஆடு. எத்தின மணிக்கு முடியும் எண்டு மட்டும் சொல்லு," என்றேன்.

"அது எப்பிடியப்பா இப்பவே தெரியும்?"

தெரியாதுதான். பாலம் வந்து பாதையும் நின்றுவிட்டது. எத்தனை மணியிலிருந்து பயப்பட வேண்டும் என்பதாவது அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நான் சனிக்கிழமை காலையிலேயே தொடங்கிவிடுவேன்.