உமி குடித்த ரோஸ் நிறம்

கழிவுநீரைச் சுத்தம் செய்யும் வேலையை ஒழுங்காகச் செய்தால் யாருக்கும் தெரியாது. சொதப்பினால் ஊருக்கே கலரில் தெரியும்.

கும்மிடிப்பூண்டியில் நூலுக்குச் சாயம் போடும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் கெமிஸ்ட். போன மழையில் எங்கள் தொட்டி வழிந்து, பக்கத்து வயல் வாய்க்கால் ரோஸ் நிறத்தில் ஓடியது. இன்னொரு முறை நடந்தால் கம்பெனியையே பூட்டிவிடுவேன் என்றார் முதலாளி. நெல் உமி சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று எங்கோ படித்திருந்தேன். செய்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர்களே, மேலே படியுங்கள்.

மில்லில்

ஆரணியில் ஒரு ரைஸ் மில்லுக்குப் போனேன். பின்பக்கம் மலை மாதிரி உமி. பார்த்ததும் கால் தரையில் நிற்கவில்லை. அள்ளினேன், தேய்த்தேன், முகர்ந்தேன். சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யத்தான் என்று விளக்கினேன். மில்காரர் சொன்னார்:

"செங்கல் சூளைக்காரன்கூட உமிய இப்டி மோந்து பாத்ததில்லம்மா. எவ்ளோ வோணுமோ அள்ளிக்கினு போ."

முதல் ட்ரம்

ஒரு ட்ரம்மில் உமியை நிரப்பி, மேலே ரோஸ் தண்ணீரை ஊற்றினோம். நானும் ஆபரேட்டர் மோகனும் கீழே குழாயையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தோம். ரோஸ் குறைந்துதான் வந்தது. ஆனால் கழுவாத உமியின் பழுப்பு மொத்தமும் சேர்ந்து இறங்கியது. மோகன் முகத்தில் சிரிப்பே இல்லை.

"ரோஸ் மில்க் ஊத்துனா டீ வருது மேடம். பக்கத்துல வடை போட்டா கடையே வெச்சிடலாம்."

கண்ணாடி டம்ளர்

அடுத்து உமியைக் கழுவி, காற்றுப் படாமல் சுட்டுக் கரியாக்கி, திரும்பக் கழுவி நிரப்பினோம். முதலில் கரித்தூள் கலங்கி வந்தது. பிறகு தெளிந்தது. அப்புறம் நிறமே இல்லை! கண்ணாடி டம்ளரில் பிடித்தேன். மோகன் ட்ரம்மில் தாளம் போட்டார். சத்தம் கேட்டு ஓடிவந்த முதலாளி, செருப்பைக்கூட மாட்டவில்லை.

அந்த வாய்க்கால் வயலுக்குச் சொந்தக்காரரான முனியம்மாக்காவை நானே போய்க் கூட்டிவந்தேன். டம்ளரை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. எங்க, நீ ஒரு மொடக்கு குடி?"

எனக்குப் பொய் வரவில்லை. "சாயம்தான் போச்சுக்கா. சாயம் ஏறுறதுக்காகப் போட்ட உப்பு இன்னும் இருக்கு. அதையும் எடுக்காம வெளிய விட மாட்டோம்."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ பாதி கெலிச்சிக்கீற. மீதியும் கெலிச்சிட்டுக் கூப்டு, வரேன்."

எங்கள் வேலையில் ஒரு சிக்கல் தீர்ந்த சந்தோஷம் அடுத்த சிக்கலை யாராவது சொல்லும் வரைக்கும்தான், ஆனாலும் மறுநாள் காலையில் வேலைக்கு ஓடிவர அது தாராளமாகப் போதும்.