பெரிய ற போட்டிருக்கணும்

பழவேற்காட்டுக்கு வரலாறு எழுத வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது இறால் பிடிப்பதைவிடச் சிரமம். இறால் கேள்வி கேட்காது. என்னைப்போல் ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, படித்தவர்களிடம் மாட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்கு இது புரியும்.

கூவினவள்

போராடிய பெண்களின் வாழ்க்கையை எழுதுகிற வசந்தி மேடம் சென்னையிலிருந்து வந்தார். டச்சுக் கல்லறையில் எல்லோரும் எலும்புக்கூட்டுச் சிற்பத்தைப் படம் எடுப்பார்கள். இவர், "உங்க ஊர்ப் பொம்பளை ஒருத்தி பேராவது இங்க இருக்கா?" என்றார்.

எனக்குத் தெரிந்த கூவினவள் கதையைச் சொன்னேன். டச்சுக்காரர் காலத்தில், கப்பலுக்கு அடிமைகளாக ஆள் பிடிக்க வந்தவர்களை முதலில் பார்த்துக் கூவியவள். ஊரே ஓடித் தப்பியது. அவள் மட்டும் அகப்பட்டாள். பெயர் யாருக்கும் தெரியாது. மேடம் சொன்னார்: "பேர் இல்லாட்டி என்ன, அவ பண்ணத ஒரு எழுத்து மாறாம எழுதிடுவோம்."

நோட்டுப் புத்தகம்

மூன்று நாள் எங்கள் வீட்டில்தான் தங்கினார். நண்டுக் குழம்பு ஒழுகும் கையோடு கேள்வி கேட்பார். அந்தச் சத்தம் இன்றும் வீட்டில் இருப்பதுபோல் தோன்றும். கிளம்பும்போது கதையை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னார். 'பரியை விட்டுவிட்டுக் கூவினாள்' என்று எழுதினேன்.

நாங்கள் ஏரியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவோம். பிடித்த இறாலைப் போடும் ஓலைக்கூடைதான் பறி. அதைப் பல்லால் கடித்துக்கொள்வோம். நான் போட்ட சின்ன 'ர'வில் அது குதிரையாகிவிட்டது. அச்சாகி வந்த மேடத்தின் புத்தகத்தில் அவள் குதிரையிலிருந்து குதித்து முழங்கினாள்! கூட இறால் பிடிக்கும் குப்பு கேட்டாள்: "இன்னாக்கா, கழுத்தளவு தண்ணில குதிரை ஓட்டுனாளா உன் ஆளு?"

வாயில் பறி

எனக்குச் சோறு இறங்கவில்லை. பேரும் இல்லாதவளுக்கு இருந்தது அந்தக் கதை ஒன்றுதான், அதையும் கெடுத்துவிட்டேனே. போன் செய்தேன். மேடமே வந்துவிட்டார்.

பறியைக் கடித்துக்கொண்டு ஏரியில் இறங்கிக் காட்டினேன். "ஒரு கூடையை விடறது அவ்ளோ பெரிய விஷயமா?" என்று கரையிலிருந்து கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பறி கவிழ்ந்து, காலையிலிருந்து பிடித்த இறாலெல்லாம் தண்ணீரோடு போனது. மேடத்தின் பக்கத்தில் நின்ற குப்புதான் சொன்னாள்: "பாத்தியாம்மா, வாயத் தொறந்தா அன்னிக்குச் சோறு போச்சு. தெரிஞ்சேதான் அவ தொறந்துட்டா."

அடுத்த பதிப்பில் கூவினவள் குதிரையிலிருந்து இறங்கி ஏரிக்குத் திரும்பிவிட்டாள். நான்தான் இன்னும் மளிகைச் சீட்டில்கூட ஒவ்வொரு 'ர'வையும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டிருக்கிறேன்.