ஜாஹாரா இறங்காத மரம்

என் அண்ணி ஜாஹாராவும் நானும் ஆறு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. கொமோடோ கிராமத்தில் கடலைப் பார்த்தபடி மரக்கால்களில் அடுத்தடுத்து நிற்கும் வீடுகள் எங்களுடையவை. நடுவே ஒரு படகைக் கவிழ்த்துப் போடலாம், அவ்வளவுதான் இடம். அவள் கஞ்சி கிண்டுவது எனக்குக் கேட்கும். நான் மகளைத் திட்டுவது அவளுக்குக் கேட்கும். பேச்சு மட்டும் கிடையாது.

காரணம் ஒரு ஆடும் என் வாயும். வீட்டுக்கு அடியில் பட்டியில் அடைத்திருந்த என் சினை ஆட்டை ஓரா இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஓரா எங்கள் தீவின் பெரிய உடும்பு. வளர்ந்தது ஆளைவிட நீளமாக இருக்கும். அது கடித்தால் ரத்தம் லேசில் நிற்காது. பட்டியின் படலை ஜாஹாராதான் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன். தண்ணீர்க் குழாயடியில் பத்துப் பெண்கள் நிற்க, "பெத்தவளுக்குத்தானே சினை ஆட்டோட அருமை தெரியும்!" என்று கத்திவிட்டேன். அவளுக்குக் குழந்தை இல்லை. பாதி நிறைந்த குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். படலைத் திறந்தது என் மகள் நூரியா என்று இரண்டாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் போய்ச் சொல்லவில்லை.

ஜாஹாரா மேசா தீவுக்காரி. அங்கே ஓரா கிடையாது. பத்தொன்பது வயதில் என் அண்ணன் தாஸ்ரிஃபைக் கட்டிக்கொண்டு வந்தாள். வந்த முதல் மாதம் ஏணியை விட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். நாங்கள் என்றால், ஓரா வீட்டுக்கடியில் படுத்திருந்தால் ஒரு கழியால் விரட்டிவிட்டு வேலையைப் பார்ப்போம். மூத்தவர்கள் அதை உடன்பிறப்பு என்பார்கள். அவளுக்கு அது பழகவில்லை. பத்தொன்பது வருஷம் கழித்தும் ஏணியைக் கழியால் மூன்று தடவை தட்டி, குனிந்து பார்த்து, அப்புறம்தான் கால் வைப்பாள்.

"மேசாவுக்கே போயிடலாங்க," என்று அண்ணனிடம் பல தடவை கேட்டிருக்கிறாள்.

"படகு இங்க, கூட்டாளிங்க இங்க, கணவாய் மீனு இங்க. அங்க போயி உங்கப்பன் முகத்தைப் பாத்துட்டு உக்காரவா?" என்பான் அவன். அதோடு முடிந்துவிடும்.

எங்கள் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மாதவிலக்கான பெண் காட்டுப் பக்கம் போகக் கூடாது. ரத்த வாடையை ஓரா வெகு தூரத்திலிருந்து பிடித்துவிடும். அது நியாயமான பயம்தான். ஆனால் புளி பழுக்கும் காலத்தில் ஊர்ப் பெண்கள் எல்லோரும் ஒன்றாகக் காட்டுக்குப் போவோம். அன்றைக்கு ஒருத்தி வரவில்லை என்றால் அவளுக்கு என்ன என்று கடற்கரை முழுக்கத் தெரிந்துவிடும். எங்களுக்கெல்லாம் அது சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. ஜாஹாராவுக்கு அப்படியல்ல. அந்தக் காலம் முடியும்வரை மாதாமாதம் அவள் வராத நாளைப் பெண்கள் விரல்விட்டு எண்ணினார்கள். "பாவம், இந்த மாசமும் இல்ல," என்பார்கள், அவள் காதில் விழும்படி.

அந்த ஆகஸ்டில் அவளுக்கு நாள் தள்ளிப் போனது. பத்து நாள், பன்னிரண்டு நாள். அண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. படகிலும் பள்ளிவாசலிலும் சொன்னான். என் வீட்டு வாசலில் நின்று, "ரம்லா, உன் அண்ணிக்கு நாள் தள்ளிப் போயிருக்கு," என்று சொல்லிவிட்டு என் பதிலுக்குக்கூட நிற்காமல் போனான். அவளுக்கு வயது முப்பத்தெட்டு.

பதினாறாம் நாள் விடியற்காலையில் அவளுக்கு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் புளிக்குப் போகிற நாள். கீழே பெண்கள் கூடிநின்று, "ஜாஹாரா! புள்ளத்தாச்சி வரலாமா, மெதுவா வா!" என்று கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். வரவில்லை என்று சொன்னால் ஊருக்கே தெரியும். அண்ணன் கடலிலிருந்து திரும்புவதற்குள் அவனுக்கும் யாராவது சொல்லிவிடுவார்கள். அவள் துணியை இறுக்கக் கட்டிக்கொண்டு, துரட்டியும் கத்தியும் எடுத்துக்கொண்டு, மூன்று தடவை ஏணியைத் தட்டி இறங்கி வந்தாள். அன்று முகத்தில் சிரிப்புகூட இருந்தது.

காட்டுக்குள் போனதும் மற்றவர்களை விட்டு விலகி, மேட்டிலிருந்த பெரிய மரத்துக்குத் தனியாகப் போனாள். தன்னால் பிறருக்கு ஆபத்து வந்துவிடக் கூடாது என்று நினைத்தாளாம். அரைக்கூடைகூட நிறையவில்லை. சருகு சரசரத்தது. திரும்பிப் பார்த்தால் இருபதடி தள்ளி ஒரு கிழட்டு ஓரா, மஞ்சள் நாக்கை நீட்டி நீட்டி, ஒரே நேராக அவளைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. அவள் மரத்தில் ஏறிவிட்டாள். பெரிய ஓராவுக்கு மரம் ஏற வராது. அது அடிமரத்தில் முன்கால்களை ஊன்றி நிமிர்ந்து பார்த்துவிட்டு, நிழலில் படுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் வந்தது.

அவள் கூப்பாடு போட்டிருக்கலாம். மற்ற பெண்கள் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்கள். கத்தினால் எல்லோரும் வருவார்கள், எதனால் ஓரா வந்தது என்று கேட்பார்கள். அதனால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மதியம் பெண்கள் அவளைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, புள்ளத்தாச்சி களைத்துப்போய் வீட்டுக்கு முன்னாலேயே போயிருப்பாள் என்று கிளம்பிவிட்டார்கள். அவர்கள் குரல் தேய்ந்து போவதை அவள் மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தலைக்குமேல் கிளையில் ஒரு குட்டி ஓராவும் இருந்தது, முழங்கை நீளம், உடம்பெல்லாம் மஞ்சள் புள்ளி. பெரியது குட்டியைத் தின்னும். அதற்குப் பயந்து அதுவும் ஏறியிருந்தது. இரண்டு பேரும் அசையாமல் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகுதான் அவள் வீட்டில் இல்லை என்பது எங்களுக்கு உறைத்தது. வனக்காவலர் உமரும் நாலு ஆண்களும் நுனி இரண்டாகப் பிரிந்த கவைக்கழிகளோடு ஓடினார்கள். பின்னால் நாங்களும் ஓடினோம். ஓராவை அடிக்கக் கூடாது, கழுத்தில் கவையை வைத்துத் தள்ளத்தான் வேண்டும். ஆறேழு தடவை தள்ளிய பிறகு இரண்டும் முப்பதடி பின்வாங்கின, போகவில்லை. உமரின் ஆட்கள் அரைவட்டமாக நின்று தடுத்துக்கொண்டார்கள்.

"இறங்கும்மா, வழி விட்டாச்சு!" என்றார் உமர்.

அவள் இறங்கவில்லை.

"ஓரா சொந்தக்காரி உன்னைப் பாக்க வந்திருக்கா, நீ மரத்துல ஏறி உக்காந்தா எப்படி?" என்று ஒருவன் கத்தினான். பெண்கள் சிரித்தார்கள். அவள் கிளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, துணியைக் காலோடு சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க," என்றாள். அப்புறம், "ரம்லா வரட்டும்," என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. ஆறு வருஷத்தில் அவள் வாயிலிருந்து என் பெயர் வந்ததே இல்லை. ஏறினேன். பாதி மரத்தில் என் கையில் பிசுபிசுவென்று ரத்தம் ஒட்டியது. அண்ணாந்து பார்த்தால் அவள் இடது கெண்டைக்கால் இரண்டு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கத்தி மடியில் கிடந்தது.

"அண்ணி, என்ன இது? ஓராவா?"

"நான்தான். ரத்தத்துக்கு ஒரு காரணம் வேணும்ல." அவள் உதடு வெளுத்திருந்தது. "வந்துருச்சு, ரம்லா. காலைல வந்துருச்சு."

என்ன வந்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. கீழே சொட்டிய ரத்தத்துக்கு அந்தக் கிழட்டு ஓரா கழிகளை முட்டிக்கொண்டு நின்றது.

"ஏன் என்னைக் கூப்பிட்டீங்க? மைமுனா இருக்கா, சலாமா இருக்கா..."

"அவங்க எம்முன்னால பாவம்னு சொல்லிட்டு அங்க போயி சிரிப்பாங்க. நீ மூஞ்சிக்கு நேரா சொல்றவ. சொல்லு, இப்ப ஏதாவது சொல்லு."

என் உடைக்கு மேலே கட்டியிருந்த சாரோங் துணியை அவிழ்த்து அவள் இடுப்பில் சுற்றினேன். தலைத்துணியைக் கிழித்துக் காலில் இறுக்கினேன்.

"அந்தப் படலை நீங்க திறக்கல," என்றேன், தலையைத் தூக்காமல்.

"தெரியும். நூரியா திறந்ததை ஜன்னல்லேருந்து பாத்தேன்."

"பாத்தீங்களா? ஏன் அன்னிக்கே சொல்லல?"

"சொன்னா நீ அவளை அடிப்பே. அஞ்சு வயசுப் புள்ள."

ஆறு வருஷம் அந்தப் பழியை அவள் சுமந்திருக்கிறாள், என் மகளுக்காக. நான் அழுதேன். அவள் அழவில்லை. "கண்ணைத் தொடைச்சிட்டு இறங்கு, கீழ பாக்கறாங்க," என்றாள்.

கீழே வந்ததும், "கத்தி வழுக்கி வெட்டிருச்சு," என்று நான்தான் உமரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவளைத் தூக்கச் சொன்னார். ஆண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு நடக்க, கவைக்கழிக்காரர்கள் ஓராக்களைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்து வந்தார்கள். ஓராக்கள் காட்டோரம் வரை கூடவே வந்தன.

சுகாதார நிலையத்தில் ஏழு தையல். அண்ணன் படகிலிருந்து நேராக அங்கே ஓடி வந்து, "புள்ளைக்கு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டான். அவள் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு அவனிடம் சொன்னாள். அவன் வெளியே வந்து படகுத்துறை நுனியில் உட்கார்ந்தான். அவளைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. மறுநாள் கணவாய் பிடிக்கப் போய்விட்டான்.

தையல் பிரித்ததும் அவள் மேசாவுக்கு, தாய் வீட்டுக்குப் போனாள். இரண்டு மாதம் ஆயிற்று. இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் படகிலிருந்து மூட்டையோடு இறங்கினாள்.

"ஏன் அண்ணி வந்துட்டீங்க?" என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு.

"அங்கயும் அதே கேள்விதான், ரம்லா. பெத்த தாயே நாள் எண்ணுறா. இங்க ஓராவாவது கேள்வி கேக்காது."

அடுத்த வருஷம் புளிக்காலத்தில் பெண்கள் வழக்கம்போல அவள் வீட்டுக்குக் கீழே நின்று கூப்பிட்டார்கள். நான் என் ஏணியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கதவைத் திறந்து, கடற்கரை முழுக்கக் கேட்கும் குரலில், "இன்னிக்கு வரல. எனக்கு வந்துருச்சு!" என்றாள்.

ஒருத்தி இன்னொருத்தியின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் மைமுனா தன் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும்தான். சொல்ல வெக்கப்பட்டுக் கிளம்பிட்டேன்," என்றாள். இன்னொரு சின்னப் பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கி நின்றாள்.

மூன்று பேரும் அன்றைக்கு ஜாஹாரா வீட்டுத் தளத்தில் உட்கார்ந்து கணவாய் கிழித்துக் காயப்போட்டார்கள். அண்ணன் வலையைச் சரிபார்க்கிற சாக்கில் உள்ளேயே இருந்தான். எனக்கு அன்று ஒன்றுமில்லை, ஆனாலும் நானும் காட்டுக்குப் போகவில்லை. அந்த வருஷம் எங்கள் ஊரில் புளி கொஞ்சம் குறைச்சல்தான்.