சொர்ணம்மாள் அறிந்த கிணறு

பொன்னுலிங்கம் மராமத்து இலாகாவில் இருபத்தெட்டு வருடம் கால்வாய்த் தண்ணீரின் உயரத்தை அளந்து எழுதியவர். பேச்சிப்பாறை, தோவாளை என்று மதகுக்கு மதகு மாற்றலாகிக்கொண்டே இருந்தார். வட்டக்கோட்டைக்குப் பக்கத்திலிருந்த சொந்த வீட்டுக்கு மாதம் ஒருமுறை வருவார். இரண்டு நாள் தங்கினால் அதிகம். 1931இல் பென்ஷனாகி வந்து சேர்ந்த பிறகுதான், தம் வீட்டில் உப்பு எந்தப் பானையில், புளி எந்தப் பானையில் என்பதுகூடத் தமக்குத் தெரியாது என்று கண்டுகொண்டார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மனைவி சொர்ணம்மாளைக் கூப்பிட்டார். அவளும் முகம் சுளிக்காமல் வந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவாள்.

மூன்றாவது வாரம் தெருக்கிணறு அவர் கண்ணில் பட்டது. காலையில் உள்படியை மூடிக் கிடந்த தண்ணீர் மத்தியானம் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. அத்தனை தண்ணீரை யாரும் கோரியிருக்கவில்லை. மறுநாளும் அப்படியே. கை சும்மா இருக்குமா? ஒரு பனஞ்சட்டத்தில் அடையாளம் வெட்டிக் கிணற்றில் இறக்கிக் கட்டினார். தினமும் மூன்று வேளை உயரத்தைப் பார்த்து, தண்ணீரை ஒரு வாய் ருசித்தும் பார்த்து எழுதினார். பென்ஷன் வாங்கியும் மனுஷனுக்கு உத்தியோகம் விடவில்லை என்று தெருவில் சிரித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான், கிணறு உப்பாகிவிட்டது, அதை மூடிவிட்டு அரை மைல் உள்ளே தள்ளிப் புதுக்கிணறு வெட்ட வேண்டும் என்று சிலர் மனு போட்டார்கள். அரை மைல் குடம் சுமக்கப் போவது யார் என்று யாரும் யோசிக்கவில்லை.

இரண்டு மாதக் கணக்கு கையில் சேர்ந்ததும் பொன்னுலிங்கத்துக்கு விஷயம் பிடிபட்டது. ஓட்டமும் நடையுமாக அடுக்களைக்கு வந்தார். சொர்ணம்மாள் பருப்புக் களைந்துகொண்டிருந்தாள்.

“ஏட்டி, கடல் ஏறும்போது நம்ம கிணறும் ஏறுது. அப்பம் கோருனா உப்பில்ல. அளந்து பாத்துட்டேன்.”

“அது தெரிஞ்சதுதானே” என்றாள் அவள். “கோட்டைக்குக் கீழ கறுத்த பாறை முங்குனா நான் குடத்தத் தூக்கிருவேன். பாறை வெளிய தெரியும்போது கோருன தண்ணியில பருப்பு வேவாது. வாவு அன்னைக்கு இன்னும் மோசம்.”

வாவு என்றால் அமாவாசையும் பௌர்ணமியும். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எத்தனை வருடமாகத் தெரியும் என்று கேட்டார். கல்யாணமாகி வந்த மறுவருடத்திலிருந்து என்றாள். சில நாள் பருப்பு வெந்தது, சில நாள் வேகவில்லை. கேட்க ஆளில்லாததால் தண்ணீர் கோரும் நேரத்தை மாற்றி மாற்றிப் பார்த்துத் தானே கண்டுபிடித்தாளாம். தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்றார்.

“நீங்க வாறதே ரெண்டு நாளு. அதுல பருப்பு வேவாத கதையா பேசுவாவ?”

முதலில் அவருக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, போன இரண்டு மாதத்தில் எந்தெந்த நாள் தண்ணீர் மோசம் என்று கேட்டார். அவள் நினைவிலிருந்தே சொன்னாள். ஒன்றுகூடத் தப்பவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் நாலு வீட்டுக்காவது போய் அதைச் சொல்லிவிட்டு வந்தார்.

மனுவை விசாரிக்க இளவயது என்ஜினீயர் ஒருவர் வந்தபோது மத்தியான வேளை. பொன்னுலிங்கம் நோட்டைக் கொடுத்தார்.

“அளந்து எழுதினது நான். கண்டுபிடிச்சது என் வீட்டுக்காரி. அவகிட்ட கேளுங்க.”

கூட்டம் சொர்ணம்மாளைப் பார்த்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்து, அடுக்களையில் சொன்னதை அப்படியே சொன்னாள். என்ஜினீயர் ஒரு வாளி கோரச் சொல்லி வாயில் விட்டுப் பார்த்துத் துப்பினார். நல்ல தண்ணீர் எப்போது வரும் என்றார். அவள் கடற்பக்கம் பாறையைப் பார்த்துவிட்டு, விளக்கேற்றும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் என்றாள். அவர் காத்திருந்தார். சொன்ன நேரத்தில் கோரிய தண்ணீரை ஒரு செம்பு முழுக்கக் குடித்துவிட்டு, இன்னொரு செம்பும் கேட்டார்.

கிணற்றை மூடவில்லை. தூர் வாரிக் கைப்பிடிச் சுவர் கட்டினார்கள். பெண்கள் குடம் எடுக்குமுன் சொர்ணம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போனார்கள்.

அந்த மார்கழியில் புருஷனும் பெண்டாட்டியும் சுசீந்திரம் தேருக்குப் போனார்கள். அங்கே பொன்னுலிங்கத்தோடு வேலை பார்த்த பழைய மதகுக்காரர்கள் எதிர்ப்பட்டார்கள். ஆளாளுக்குத் தங்கள் சர்வீஸ் பெருமையைப் பேச, இவர் பெண்டாட்டியின் பெருமையை எடுத்தார். போதும், வாருங்கள் என்று அவள் அவருடைய மேல்துண்டைப் பிடித்து இழுத்தாள். தேர் நிலையை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அவர் இரண்டாவது செம்பு வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் நகர்ந்தார்.