பெஞ்சில் ஓர் இடம்

சாந்தோம் ராஜநாயகத்துக்கு வாயில் பூட்டு என்று சர்ச் பங்கில் எல்லாரும் கேலி பண்ணுவார்கள். சர்க்கார் ஸ்டெனோகிராபர். ஆபீசில் நடந்ததை மனைவி ஃப்ளோரன்ஸிடம்கூடச் சொன்னதில்லை. அவள் இறந்துபோன பிறகு சொல்லவும் ஆளில்லை. வாரத்தில் ஒரே ஒரு வேளைதான் மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பள்ளிக்கூடச் சிநேகிதன் அகஸ்டின் வீட்டில், அவன் மனைவி டோரதி சுடும் ஆப்பம்.

அகஸ்டின் மீனம்பாக்கத்தில் விமான மெக்கானிக். எஞ்சினைச் சோதிக்காமலே ‘பறக்கலாம்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று 1948இல் அவன்மேல் புகார் வந்தது. டில்லியிலிருந்து வந்த அதிகாரி அடையாற்றில் ஒரு பங்களாவில் கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தார். குறிப்பெடுக்க ராஜநாயகத்தை அனுப்பினார்கள். “அவன் என் சிநேகிதன், வேறு ஆளைப் போடுங்கள்” என்று கேட்டுப்பார்த்தார். வேறு ஆள் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். விதி கறாரானது. உத்தரவு தபாலில் சேரும்வரை உள்ளே கேட்டது எதுவும் வெளியே போகக் கூடாது. போனால் சொன்னவனுக்கு வேலை போகும், விசாரணையும் செல்லாது.

ஒரு சனிக்கிழமை அதிகாரி முடிவைச் சொல்லச் சொல்ல ராஜநாயகம் டைப் அடித்தார். சோதனை நடந்திருக்கிறது, அகஸ்டின்மேல் தப்பில்லை. டில்லியிலிருந்து கையெழுத்தாகி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள்.

விசாரணை முடிந்தது தெரிந்து, அன்று சாயங்காலமே அகஸ்டின் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

“லைசென்ஸு போச்சுன்னா இங்க எனக்குச் சோறு கெடையாதுடா. கொழும்புல மச்சான் கூப்டுக்கினே கீறான். போறதா வேணாமா? ஒரே வார்த்தை சொல்லு.”

ராஜநாயகம் அவனுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“சரி, நீ வாயே தொறக்க வேணாம். நல்ல சேதின்னா நாளைக்குப் பூசையில எப்பவும்போல எம் பக்கத்துல வந்து உக்காரு. இல்லன்னா உக்காராத. இதுல இன்னா தப்பு கீது?”

தப்பு இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தால் வாயால் சொன்ன மாதிரிதான். தள்ளி உட்கார்ந்தால் பொய். இரண்டும் வேண்டாம் என்று மறுநாள் லஸ் கோவில் பூசைக்குப் போய்விட்டார். யாருக்கும் எதுவும் சொல்லாமல் தப்பித்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டார். இத்தனை படித்த மனிதருக்கு இந்த அசட்டுத்தனம் எங்கிருந்து வந்ததோ, நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. பக்கத்தில் காலி இடத்தைப் பார்த்தவன் வேறென்ன நினைப்பான்?

புதன்கிழமை அகஸ்டினும் டோரதியும் வீட்டைக் காலி செய்து, கொழும்புக் கப்பலைப் பிடிக்கப் போட் மெயில் ரயிலில் ஏறிவிட்டார்கள். ராஜநாயகத்திடம் சொல்லிக்கொள்ளவில்லை. ஆபீஸ் விட்டு வந்தவர் பூட்டின கதவின் முன்னால் நின்று அழுதார்.

கொழும்பு விலாசத்தைப் பங்கு முழுக்க விசாரித்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து உத்தரவு தபாலில் போனது. ‘இந்த விலாசத்தில் இல்லை’ என்று பத்தாம் நாள் அவர் மேஜைக்கே திரும்பி வந்தது. தானே அடித்த கடிதத்தைப் பிரிக்காமல் ஃபைலில் சேர்த்தார்.

அடுத்த ஞாயிறு முதல் சாந்தோமில் பழைய பெஞ்சுக்கே வர ஆரம்பித்தார். தன் இடத்தில் உட்கார்ந்து, அகஸ்டினுடைய இடத்தைக் காலியாக விட்டுவைப்பார். நல்ல சேதி என்று அர்த்தம். பார்க்கத்தான் ஆள் இல்லை.